டெக்சஸில் பன்றிக்கும் மானுக்கும் சேர்த்து ஒரே ரைஃபிள்: எந்தக் காலிபர், எந்தத் தோட்டா?

ரவுண்ட்ராக்வாசி

எல்லோருக்கும் வணக்கம். ஆஸ்டினுக்கு வடக்கே ரவுண்ட் ராக்கில் இருக்கிறேன். என்னோடு வேலை பார்க்கும் உள்ளூர்க்காரர் ஒருவருக்கு லானோ பக்கம் குடும்ப நிலம் இருக்கிறது. மெஸ்கீட் புதர், ஓக் மரம், அங்கங்கே கருங்கல் பாறை, நடுவில் மானுக்காகப் போட்ட ஓட்ஸ் வயல். அந்த வயலை இந்த வருடம் காட்டுப்பன்றிக் கூட்டம் ஒரே இரவில் டிராக்டர் விட்ட மாதிரி கிளறிப் போட்டுவிட்டதாம். "பன்றிக்கு எப்போது வேண்டுமானாலும் வா, மானுக்கு நவம்பரில் வா, ஆனால் உன் துப்பாக்கியை நீயே கொண்டு வா" என்று சொல்லிவிட்டார்.

எனக்கு இருக்கிற அனுபவம் எல்லாம் கல்லூரியில் என்.சி.சி.யில் .22 சுட்டது மட்டும்தான். அதில் குறி நன்றாகவே இருக்கும், ஆனால் அது உதைக்கவே உதைக்காது, இது அப்படி இல்லை என்கிறார்கள். ஆள் கொஞ்சம் சிறிய உடம்பு, ஐந்தடி ஐந்து அங்குலம். ஸ்கோப்போடு சேர்த்து 1,000 டாலருக்குள் முடிக்க வேண்டும், வீட்டில் அதற்குத்தான் அனுமதி கிடைத்திருக்கிறது.

கடைக்குப் போனால் .243, 6.5 கிரீட்மோர், .270, .308, .30-06 என்று காலிபர் காலிபராக (குழாய் விட்டத்தை ஒட்டிய தோட்டா வகை) அடுக்கி வைத்திருக்கிறார்கள். விற்பனையாளர் பன்றி என்றதும் .300 வின்செஸ்டர் மேக்னம் எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார். தோட்டா அலமாரி அதைவிட மோசம், ஒரே காலிபரில் முப்பது வகைப் பெட்டி, விலை ஒன்றுக்கொன்று இரண்டு மடங்கு வித்தியாசம். சுடப்போகும் தூரம் அதிகபட்சம் 150 கஜம் என்கிறார் நண்பர். இரண்டுக்கும் ஒரே ரைஃபிள், முடிந்தால் ஒரே தோட்டா என்று போக முடியுமா? பேசாமல் .22 போதுமா என்றுகூட ஒரு நப்பாசை இருக்கிறது, சிரிக்காமல் பதில் சொல்லுங்கள்.

பச்சைஅட்டை

காலிபர் எல்லாம் அப்புறம். என்ன விசாவில் இருக்கிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள்.

ரவுண்ட்ராக்வாசி

ஹெச்-1பி. கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறேன், எப்போது வரும் என்று மட்டும் கேட்காதீர்கள். ஏன், அதில் ஏதாவது சிக்கலா?

பச்சைஅட்டை

சிக்கல்தான், ஆனால் வழி இருக்கிறது. நம் ஆட்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஹெச்-1பி, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வாங்கவும் கூடாது, கையில் வைத்திருக்கவும் கூடாது என்பதுதான் இந்த நாட்டின் ஃபெடரல் சட்டம். விதிவிலக்குகள் சில உண்டு. நமக்குப் பொருந்துவது வேட்டை லைசென்ஸ்: ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ் இருந்தால் அந்தத் தடை உங்களுக்கு இல்லை. அதனால் முதலில் லைசென்ஸ், பிறகுதான் கடை. டெக்சஸ்வாசிக்கு சாதாரண வேட்டை லைசென்ஸ் 25 டாலர்தான். கூடவே ஹண்டர் எஜுகேஷன் வகுப்பும் முடிக்க வேண்டும், 1971 செப்டம்பர் 2-ஆம் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்த எல்லோருக்கும் அது கட்டாயம், 17 வயது தாண்டியவர் முழுவதையும் ஆன்லைனிலேயே முடித்துவிடலாம்.

கடையில் 4473 என்ற படிவம் கொடுப்பார்கள். அதில் குடியுரிமை பற்றியும், இந்த விதிவிலக்கு பற்றியும் தனித்தனிக் கேள்வி இருக்கிறது. பாஸ்போர்ட், விசா, ஐ-94 (நாட்டுக்குள் வந்ததற்கான பதிவு), இப்போதைய முகவரியோடு டிரைவிங் லைசென்ஸ், வேட்டை லைசென்ஸ் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். சில கடைகளில் இந்த விதி தெரியாமல் முடியாது என்பார்கள். வாக்குவாதம் செய்யாமல் வேறு கடை பாருங்கள்.

இதில் இரண்டு இடத்தில் ஆட்கள் வழுக்கி விழுகிறார்கள். 2019 செப்டம்பரிலிருந்து டெக்சஸில் தனியார் நிலத்தில், நிலத்துக்காரர் சம்மதத்தோடு காட்டுப்பன்றி சுட லைசென்ஸ் தேவையில்லை. அதைக் கேட்டுவிட்டு "பன்றிக்கு மட்டும்தானே போகிறேன்" என்று லைசென்ஸ் எடுக்காமல் இருந்தால், பன்றி விஷயத்தில் நீங்கள் சுத்தம், துப்பாக்கி விஷயத்தில் ஃபெடரல் குற்றவாளி. இன்னொன்று, டெக்சஸ் லைசென்ஸ் எந்த மாதத்தில் எடுத்தாலும் ஆகஸ்ட் 31-ஆம் தேதியோடு முடிந்துவிடும். அடுத்த நாள் காலையில் உங்கள் அலமாரியில் இருக்கும் ரைஃபிள் சட்டவிரோதம் ஆகிவிடும், நீங்கள் அதைத் தொடவே இல்லை என்றாலும். புது லைசென்ஸ் ஆகஸ்ட் நடுவிலேயே விற்பனைக்கு வந்துவிடும், அன்றே எடுத்துவிடுங்கள்.

நண்பர் பெயரில் வாங்கி நீங்கள் காசு கொடுக்கும் யோசனை வேண்டவே வேண்டாம், அதற்குத் தனியாக வழக்கு இருக்கிறது. ஊருக்குப் போகும்போது அறைத்தோழனிடம் கொடுத்து வைப்பதும் அப்படித்தான், அவரும் ஹெச்-1பி, அவரிடம் லைசென்ஸ் இல்லை என்றால் அவருக்கும் சேர்த்து வம்பு. லைசென்ஸ் இல்லாமல் ரேஞ்சுக்குப் போய் வாடகைத் துப்பாக்கி சுடுவதுகூட இதே கணக்குதான். ஏதாவது சந்தேகம் இருந்தால் உங்கள் இமிக்ரேஷன் வக்கீலிடம் ஒரு மின்னஞ்சல் போட்டு எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், .22 நப்பாசை. டெக்சஸில் ரிம்ஃபயர் தோட்டாவால் (.22 மாதிரி, அடி விளிம்பில் தட்டி வெடிப்பது) வெள்ளைவால் மானை, அதாவது நீங்கள் நவம்பரில் சுடப்போகும் மானைச் சுடுவது சட்டப்படி கூடாது. அந்த ஆசையை விட்டுவிடலாம்.

மெஸ்கீட்நிழல்

சட்டம் முடிந்தது, நான் துப்பாக்கிக்கு வருகிறேன். தம்பி, அந்த விற்பனையாளர் சொன்னதை மறந்துவிடுங்கள். 150 கஜத்துக்கு .300 மேக்னம் என்பது தோளுக்கும் பர்சுக்கும் வீண் வேலை. அது உதைக்கிற உதையில் முதல் பெட்டி முடிவதற்குள் டிரிக்கரைத் தொடும்போதே கண்ணை மூட ஆரம்பித்துவிடுவீர்கள், அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் மறைவதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

உங்கள் பட்டியலில் இருக்கும் மற்ற எல்லாமே லானோ மானைத் தாராளமாக வீழ்த்தும். லானோ இருக்கும் ஹில் கன்ட்ரி பகுதி மான் சிறிய மான், வயிற்றைச் சுத்தம் செய்த பிறகு 100 பவுண்ட் வந்தாலே நல்ல கிடா. பன்றிதான் ஒரே அளவில் இருக்காது. தீனி கொட்டும் ஃபீடருக்கு வரும் கூட்டத்தில் 40 பவுண்ட் குட்டியும் இருக்கும், பின்னாலேயே 250 பவுண்ட் கிழட்டு ஆண் பன்றியும் வரும். ஒரே ரைஃபிள் என்றால் அந்தப் பெரிய பன்றியை மனதில் வைத்துத்தான் வாங்க வேண்டும்.

.243 என்பது 1955-இல் வந்தது, 100 கிரெயின் (குண்டின் எடை அளவு) குண்டை நொடிக்கு 2,960 அடி வேகத்தில் தள்ளும், உதை .308-இல் ஏறக்குறைய பாதிதான். மானுக்கு அருமை. பன்றிக்கும் போதும், ஆனால் குண்டு நல்லதாக இருக்க வேண்டும், இடமும் சரியாக இருக்க வேண்டும், பெரிய ஆண் பன்றியின் தோளில் கோணலாகப் பட்டால் ஆழம் போகாமல் நிற்கும் அபாயம் உண்டு. .308 என்பது 1952-லிருந்து இருக்கிறது, 150 கிரெயின் 2,820 அடி. எந்த ஊர்க் கடைக்குப் போனாலும் பெட்டி கிடைக்கும், தட்டுப்பாடு வந்தாலும் கடைசியாகத் தீர்வதும் முதலில் திரும்பி வருவதும் பெரும்பாலும் இதுதான். .30-06 கொஞ்சம் கூடுதல் வேகம், கூடுதல் உதை, தோட்டாவை ஏற்றும் பொறியான கொஞ்சம் நீளமான ஆக்‌ஷன், உங்களுக்கு அதனால் லாபம் ஒன்றும் இல்லை. .270-உம் அதே நீள ஆக்‌ஷன்தான், மானுக்குக் குறை சொல்ல முடியாது. 6.5 கிரீட்மோரை 2007-இல் ஹார்னடி கொண்டு வந்தபோது நீண்ட தூர இலக்குப் போட்டிக்காகத்தான் கொண்டு வந்தார்கள், வேட்டைக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். உதை .243-க்கும் .308-க்கும் நடுவில், 140 கிரெயினை ஒட்டிய நீளமான குண்டு, ஆழமாகப் போகும். 7எம்எம்-08 ஒன்றும் இருக்கிறது, .308-இன் கூட்டையே கழுத்தைச் சுருக்கிச் செய்தது, உங்கள் உடம்புக்கு அதுதான் கச்சிதம் என்று நான் நினைப்பேன், ஆனால் சின்ன ஊர்க் கடைகளில் தோட்டா தேட வேண்டியிருக்கும்.

என் கருத்து: 6.5 கிரீட்மோர் அல்லது .308. இரண்டையும் தோளில் வைத்துச் சுட்டுப் பார்த்துவிட்டு எது பயமுறுத்தவில்லையோ அதை எடுங்கள். இதற்கு மேல் காலிபரைப் பற்றிப் பேசினால் இந்தத் திரி நூறு பக்கம் போகும்.

நீங்கள் குழம்ப வேண்டிய இடம் உண்மையில் தோட்டா அலமாரிதான், ஏனென்றால் மிருகத்தைத் தொடுவது அந்தக் குண்டு மட்டும்தான். ஃபுல் மெட்டல் ஜாக்கெட் என்று போட்டிருக்கும் மலிவான பெட்டியை ரேஞ்சில் சுடுங்கள், காட்டுக்குக் கொண்டு போகாதீர்கள். அது விரியாது, ஊசி போல் துளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடும், மிருகம் அரை மைல் ஓடி எங்கோ புதருக்குள் செத்துக் கிடக்கும். பல மாநிலங்களில் மானுக்கு அதைப் பயன்படுத்தத் தடையே இருக்கிறது. நுனியில் ஈயம் தெரியும் சாதாரண சாஃப்ட் பாயின்ட், ரெமிங்டன் கோர்-லாக்ட் அல்லது ஃபெடரல் பவர்-ஷாக் மாதிரி, மானுக்கு இன்றைக்கும் போதும். கோர்-லாக்ட் 1939-லிருந்து மான் வீழ்த்திக்கொண்டிருக்கிறது. நுனியில் பிளாஸ்டிக் முனை வைத்த வேகமான மெல்லிய குண்டுகள் மானின் விலாவில் பட்டால் அங்கேயே உட்கார வைத்துவிடும், ஆனால் கிட்டத்தில் தோள் எலும்பில் பட்டால் உடைந்து சிதறும், முன்னங்கால் கறி முழுவதும் இரத்தக் கட்டியாகிவிடும், பன்றியின் கனத்த தோளில் உள்ளே போகாமலும் நிற்கலாம்.

இரண்டுக்கும் ஒரே தோட்டா என்றால் பாண்டட் வகை வாங்குங்கள். உள்ளே இருக்கும் ஈயமும் வெளியே இருக்கும் செம்பு உறையும் பிரியாமல் ஒட்ட வைத்தது. விரியும், ஆனால் எடை இழக்காமல் உள்ளே போகும். ஃபெடரல் ஃப்யூஷன் அந்த வகையில் விலை அடங்கியது. .308 என்றால் 150 அல்லது 165 கிரெயின், 6.5 என்றால் 140. நோஸ்லர் பார்ட்டிஷன் இன்னும் உறுதி, ஆனால் பெட்டி விலையைப் பார்த்ததும் பயிற்சி செய்ய மனசு வராது.

இரவுப்பறவை

மெஸ்கீட் அண்ணன் சொன்னது எல்லாம் மானுக்குச் சரி. பன்றிக்கு, ஒவ்வொரு குண்டுக்கும் கையால் இழுத்து ஏற்றும் போல்ட் ஆக்‌ஷனை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பன்றி தனியாக வருவதில்லை, பத்துப் பதினைந்து என்று கூட்டமாக வரும், முதல் சத்தத்துக்கு நாலாபக்கமும் சிதறும். நீங்கள் போல்ட்டை இழுத்துத் தள்ளுவதற்குள் வயலில் ஒன்றுகூட இருக்காது. நிலத்துக்காரருக்கு வேண்டியது ஒரு பன்றி இல்லை, கூட்டமே குறைய வேண்டும். டெக்சஸில் மட்டும் இருபது லட்சத்துக்கு மேல் இருக்கிறது என்று கணக்கு, ஒவ்வொன்றாகச் சுட்டு எந்தக் காலத்தில் தீரும்.

ஒவ்வொரு முறை சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் ஏ.ஆர்.-15 வாங்குங்கள். உதை கிட்டத்தட்ட இல்லை, உங்கள் உடம்புக்கு அதுவே பாதிப் பிரச்சினை தீர்ந்தது. .223-இல் 62 கிரெயின் பாண்டட் போட்டால் பன்றிக்குப் போதும், மானுக்கும் டெக்சஸில் சட்டப்படி சரிதான், இங்கே சென்டர்ஃபயர் (அடி நடுவில் தட்டி வெடிக்கும் தோட்டா) என்றால் குறைந்தபட்ச காலிபர் என்று எதுவும் இல்லை. கிட்டத்திலிருந்து கொஞ்சம் கனமான அடி வேண்டும் என்றால் .300 பிளாக்அவுட். இரவில் உடல் சூட்டைக் காட்டும் தெர்மல் ஸ்கோப்போடு போனால் அது தனி உலகம், பன்றிக்கு இரவு வேட்டை இங்கே அனுமதி உண்டு. ஆனால் தெர்மல் விலையைச் சொன்னால் உங்கள் வீட்டு அனுமதி ரத்தாகிவிடும்.

மெஸ்கீட்நிழல்

கூட்டத்தைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால் துப்பாக்கியே சரியான கருவி இல்லை தம்பி. கூட்டம் முழுக்க உள்ளே போனதும் கதவை விழ வைக்கும் பெரிய வட்டக் கூண்டு ஒரே இரவில் செய்வதை நீங்கள் ஒரு சீசன் முழுக்கச் சுட்டாலும் செய்ய முடியாது. சுட்டுக் கலைத்த கூட்டம் இரவில் மட்டும் நடமாடப் பழகிக்கொள்ளும், கூண்டு வைப்பவர்கள் திட்டுவது அதனால்தான்.

முதல்முறை வேட்டைக்குப் போகிறவருக்கு மறுபடி சுட வசதி இருப்பதைவிட முதல் குண்டு சரியாகப் போவது முக்கியம் என்பது என் பக்கம். மற்றபடி ஏ.ஆர். தப்பு என்று சொல்லவில்லை. ஆனால் .223-உம் .300 பிளாக்அவுட்டும் ஒரே வீட்டில் வைக்கும் யோசனை இருந்தால் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: இரண்டும் ஒரே மேகசினில் போகும், .300 பிளாக்அவுட் தோட்டா சில சமயம் .223 பேரலுக்குள்ளும் ஏறிவிடும், டிரிக்கரை இழுத்தால் துப்பாக்கி முகத்துக்கு முன்னால் வெடிக்கும். மேகசினுக்கு வேறு நிறம் போட்டுப் பிரித்து வைக்காமல் அந்த இரண்டையும் சேர்த்து வாங்காதீர்கள்.

சான்மார்கோஸ்_அக்கா

ஆண்கள் எல்லோரும் குண்டைப் பற்றியே பேசுகிறீர்கள், துப்பாக்கி அவருக்குப் பொருந்துமா என்று ஒருவரும் கேட்கவில்லை. ஐந்தடி ஐந்து என்கிறார். நானும் அதே உயரம்தான். கடையில் தொங்கும் சாதாரண ரைஃபிள் ஆறடி ஆளுக்குச் செய்த ஸ்டாக் (தோளில் ஊன்றும் கட்டை). அதைத் தோளில் வைத்தால் கை நீட்டிக்கொண்டு போகும், தலையை முன்னால் தள்ளி ஸ்கோப்பைத் தேடுவோம், அப்போதுதான் ஸ்கோப் வளையம் புருவத்தில் வந்து அறையும். நவம்பர் குளிரில் தடித்த ஜாக்கெட்டும் போட்டால் இன்னும் ஒரு அங்குலம் கூடும்.

அதனால் தம்பி, கடையில் கண்ணை மூடிக்கொண்டு ரைஃபிளைத் தோளில் வைத்துக் கன்னத்தை ஸ்டாக்கில் சாய்த்துவிட்டு, அப்புறம் கண்ணைத் திறங்கள். ஸ்கோப்புக்குள் படம் முழு வட்டமாகத் தெரிய வேண்டும். ஓரத்தில் கறுப்பு நிலா தெரிந்து தலையை நகர்த்த வேண்டியிருந்தால் அது உங்கள் துப்பாக்கி இல்லை, அல்லது ஸ்கோப்பை நகர்த்த வேண்டும். ரூகர் அமெரிக்கன், சாவேஜ் ஆக்சிஸ் இரண்டிலும் குட்டை ஸ்டாக் வைத்த காம்பாக்ட் மாடல் உண்டு. சாவேஜ் 400 டாலரைச் சுற்றி, ரூகர் 500, 600 என்று வரும். இரண்டும் பார்க்க பிளாஸ்டிக் பொம்மை மாதிரி இருக்கும், சுட்டால் அந்த எண்ணம் போய்விடும். டிக்கா டி3எக்ஸ் ஃபின்லாந்துக்காரர்கள் செய்வது, போல்ட் வெண்ணெயாக ஓடும், ஆனால் அதை வாங்கினால் ஸ்கோப்புக்கு மிச்சம் இருப்பது குறைவு.

ஸ்கோப் 3-9x40 (3 முதல் 9 மடங்கு பெரிதாக்கிக் காட்டுவது) போதும், பெரிய எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். ஃபீடர் 100 கஜத்தில் இருக்கும், மாலை கடைசி வெளிச்சத்தில் 3 அல்லது 4-இல் வைத்தால்தான் மிருகத்தைச் சீக்கிரம் பிடிக்க முடியும். வோர்டெக்ஸ், லியூபோல்ட் இரண்டிலும் தொடக்க வரிசையில் நல்லது உண்டு. ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் ரிங்கை அலன் கீயால் கண்மதிப்பில் இறுக்காதீர்கள், சின்ன டார்க் ரெஞ்ச் ஒன்று வாங்கி, பெட்டியில் போட்டிருக்கும் அளவுக்கு இறுக்குங்கள். தளர்ந்த ரிங்கோடு ரேஞ்சில் அரை நாள் ஸ்கோப்பைத் திருகிக்கொண்டிருந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சீரோ போடும்போது, அதாவது குறி வைத்த இடத்தில் குண்டு படும்படி ஸ்கோப்பைச் சரிசெய்யும்போது, முதலில் 25 கஜத்தில் காகிதத்தில் படுகிறதா என்று பாருங்கள், அப்புறம் 100 கஜத்தில். .308-இல் 150 கிரெயினை 100 கஜத்தில் ஒன்றரை அங்குலம் மேலே படும்படி வைத்துவிட்டால் 200 வரை எதையும் கணக்குப் போடாமல் நேராக வைத்துச் சுடலாம். சீரோவை வேட்டைக்குக் கொண்டு போகும் அதே தோட்டாவில் போடுங்கள். ஒரே எடை என்றாலும் வேறு கம்பெனிப் பெட்டி வேறு இடத்தில் படும், மலிவுப் பெட்டியில் சீரோ போட்டுவிட்டு விலை உயர்ந்த பெட்டியோடு காட்டுக்குப் போவதில் அர்த்தமே இல்லை. பிறகு பெஞ்சை விட்டு எழுந்து, முட்டி போட்டு, ஷூட்டிங் ஸ்டிக் மேல் வைத்து, சுவரில் சாய்ந்து என்று சுட்டுப் பழகுங்கள், காட்டில் பெஞ்ச் இருக்காது.

காதுக்கு எலக்ட்ரானிக் மஃப் வாங்குங்கள், மெல்லிய சத்தத்தைக் கூட்டிக் கொடுத்து வெடிச் சத்தத்தை அடைக்கும். பெட்டி மாதிரி இருக்கும் பிளைண்டுக்குள் (மறைந்து உட்காரும் கூடு) உட்கார்ந்து .308-ஐ ஒரே ஒரு முறை காது மூடாமல் சுட்டாலும் காதுக்குள் விசில் அடித்துக்கொண்டே இருக்கும்.

கறிக்கடை

எல்லோரும் சொன்னது சரி. எங்கே சுட வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை.

மானை வைத்துப் பழகியவர்கள் பன்றியில் கோட்டை விடுவது இங்கேதான். மானுக்குப் பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், உடம்பின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில் வைப்போம். பன்றியில் அதே இடத்தில் வைத்தால் குண்டு நுரையீரலின் பின் ஓரத்தில் போகும், அல்லது வயிற்றில் போகும். பன்றிக்கு இதயமும் நுரையீரலும் இன்னும் முன்னால், இன்னும் கீழே, இரண்டு முன்னங்காலுக்கும் நடுவில் ஒடுங்கி இருக்கிறது. முதுகில் நிமிர்ந்து நிற்கும் மயிரைப் பார்த்து உடம்பின் நடுவை எடைபோட்டால் எப்போதும் உயரமாகவே சுடுவீர்கள். முன்னங்காலின் நேர் கோட்டிலேயே மேலே வாருங்கள், மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் நிறுத்துங்கள், அங்கே தோள் வழியாகவே போகட்டும்.

வளர்ந்த ஆண் பன்றியில் அந்தத் தோளுக்கு மேல் ஒரு கவசம் இருக்கும். தோலை உரிக்கும்போது பார்த்தால் தெரியும், விலாப் பக்கம் சரசரவென்று ஓடிக்கொண்டிருக்கும் கத்தி தோள்பட்டைக்கு வந்ததும் நின்றுவிடும். வெள்ளையாக, விரல் கனத்துக்கு, எலும்பும் இல்லாத கொழுப்பும் இல்லாத ஒரு தகடு. ஆண் பன்றிகள் ஒன்றையொன்று கொம்புப் பல்லால் குத்திச் சண்டை போடுவதற்காக வளர்வது. நல்ல ரைஃபிள் குண்டை அது நிறுத்தாது, ஆனால் சீக்கிரம் சிதறும் மெல்லிய குண்டின் வேலையைப் பாதியாக்கிவிடும். மெஸ்கீட் அண்ணன் பாண்டட் என்று சொன்னதற்குக் காரணம் இதுதான்.

அந்தப் பக்கம் ஓட்டை போட்டு வெளியேறும் குண்டு வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணம் இரத்தம். மானுக்குப் பட்ட இடத்திலிருந்து புல்லில் தெறித்துக்கொண்டே போகும், குழந்தைகூடப் பின்தொடரலாம். பன்றிக்குக் கொழுப்பும் சேறு காய்ந்த மயிரும் ஓட்டையை அடைத்துக்கொள்ளும், ஒரே ஓட்டை, அதுவும் மேலே என்றால் ஒரு துளிகூடத் தரையில் இருக்காது. மெஸ்கீட் புதருக்குள் இருட்டில் அடிபட்ட ஆண் பன்றியைத் தேடிப் போவது எனக்கே பிடிக்காத வேலை. வெளியேறும் குண்டு என்பதால் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்பதும் உங்கள் பொறுப்பு. ஒரு பன்றிக்குப் பின்னால் இன்னொன்று நிற்கும், அதற்குப் பின்னால் கருங்கல் பாறை இருக்கும், லானோவில் அது பட்டுத் திரும்பும் திசையை யாராலும் சொல்ல முடியாது.

அறுக்கும்போது ரப்பர் கையுறை கட்டாயம். காட்டுப்பன்றியிலிருந்து மனிதனுக்கு புருசெல்லோசிஸ் வரும், கையில் சின்ன வெட்டு இருந்தாலே போதும். கறியை உள்ளே 160 ஃபாரன்ஹீட் வரும்வரை வேக வைக்க வேண்டும், நம் ஊர் வறுவலுக்கு அது தானாகவே வந்துவிடும். கிழட்டு ஆண் பன்றியைக் கறிக்கு எடுக்காதீர்கள், நாற்றம் வீட்டை விட்டுப் போக இரண்டு நாள் ஆகும். 60லிருந்து 100 பவுண்டுக்குள் இருக்கும் பெண் பன்றி, மிளகு, சின்ன வெங்காயம், அவ்வளவுதான்.

ரவுண்ட்ராக்வாசி

இவ்வளவு எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. ஹண்டர் எஜுகேஷன் பாடத்தில் நேற்றே சேர்ந்துவிட்டேன். ரேஞ்சுக்குப் போய் ஆசையாகத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்னாலேயே பச்சைஅட்டை சொன்னது நல்லதாகப் போயிற்று.

இப்போதைக்கு மனது ரூகர் அமெரிக்கன் காம்பாக்ட், 6.5 அல்லது .308 என்று நிற்கிறது, லைசென்ஸ் வந்ததும் இரண்டையும் வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்த்து முடிவு செய்கிறேன். இரண்டு கேள்வி. வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறாள், கறியில் ஈயம் கலக்கும் என்கிறார்களே, முழுச் செம்புக் குண்டு வாங்கலாமா? அப்புறம் நண்பர் நிலத்தில் எடுத்த படத்தில் அச்சு அசல் நம் ஊர்ப் புள்ளிமான் நிற்கிறது. அதைச் சுடலாம் என்கிறார், எனக்கு நம்பிக்கை வரவில்லை.

மெஸ்கீட்நிழல்

செம்பு தாராளமாக வாங்கலாம். பார்ன்ஸ் போன்றவர்கள் செய்வது ஈயமே இல்லாதது, கலிஃபோர்னியாவில் 2019 ஜூலையிலிருந்து எல்லா வேட்டைக்கும் ஈயமில்லாத குண்டுதான் சட்டம். பன்றிக்கு அது பிரமாதம், எடை குறையாமல் அந்தப் பக்கம் வெளியேறும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: செம்பு விரிவதற்கு வேகம் வேண்டும், அதனால் எடையில் ஒரு படி இறங்கி வாங்குங்கள். .308-இல் 165-க்குப் பதில் 130 அல்லது 150, 6.5-இல் 120ஐ ஒட்டி. மானின் விலாவில் பட்டால் ஈயக் குண்டு மாதிரி அங்கேயே விழாது, ஐம்பது கஜம் ஓடிவிட்டு விழும், பயப்படாதீர்கள். ஈயக் குண்டுதான் என்றால் காயத்தைச் சுற்றி ஒரு சாண் கறியைத் தாராளமாக வெட்டி எறியுங்கள்.

பச்சைஅட்டை

புள்ளிமான் விஷயத்தில் உங்கள் கண் சரிதான், அது நம் ஊர் மானேதான். 1932-இல் இந்தியாவிலிருந்து டெக்சஸுக்குக் கொண்டு வந்து விட்டார்கள், இங்கே ஆக்சிஸ் என்று பெயர். வேலி தாண்டிப் பெருகி இப்போது ஹில் கன்ட்ரி முழுக்க வெள்ளைவால் மானோடு புல்லுக்குப் போட்டி போடுகிறது. ஊரில் 1972 வனவிலங்குச் சட்டத்தில் உள்ளே தள்ளும் அதே மிருகத்துக்கு இங்கே சீசனும் கிடையாது, எண்ணிக்கை வரம்பும் கிடையாது, வெளிநாட்டு இனம் என்று தனிக் கணக்கு. ஆனால் வேட்டை லைசென்ஸ் வேண்டும், பன்றிக்கு இருக்கும் விலக்கு இதற்கு இல்லை. கறி என்று பார்த்தால் வெள்ளைவாலைவிட இதுதான் ருசி என்று இங்கே பல பேர் சொல்வார்கள், நானும் அந்தக் கட்சி. வெள்ளைவாலைவிடக் கனமான உடம்பு, .243-ஐவிட 6.5-உம் .308-உம் இதற்கு நிம்மதி.

வெள்ளைவாலுக்கு லைசென்ஸோடு வரும் டேக்கை (அடையாளச் சீட்டு) சுட்ட உடனே பூர்த்தி செய்து கட்ட வேண்டும், சூரிய உதயத்துக்கு அரை மணி முன்னாலிருந்து மறைந்த பின் அரை மணி வரைதான் நேரம். எத்தனை எடுக்கலாம் என்பது கவுண்டிக்குக் கவுண்டி மாறும், லானோ கவுண்டிக்கு இந்த வருட விதியை மாநிலப் பூங்கா மற்றும் வனவிலங்குத் துறைத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். நண்பரின் நிலம் கவுண்டி எல்லைக்கு அருகில் என்றால் எந்தப் பக்கம் இருக்கிறது என்றும் கேட்டு வையுங்கள்.